மாரியில் வெளிக்கிடும் பிள்ளைகளுக்குப் பதினான்கு அறிவுரைகள்

ஐப்பசி பிறந்ததும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் மறிக்கத் தொடங்கிவிடுவார்கள். மழை, சேறு, பாம்பு, காய்ச்சல் என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. இருந்தாலும் நான் உங்களை வெளிக்கிடச் சொல்லுவேன். குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். குளம் நிறைவது, வழுக்கையாறு ஓடுவது, ஆழமற்ற நீரேரியான பரவைக்கடலில் இறால் வளர்ந்து கலைவது, வடதிசைப் பறவைகள் வந்து இறங்குவது எல்லாம் இந்த மாதங்களில்தான். தை கடந்தால் வெயில் ஏறும். மாசி, பங்குனியில் தரவை காய்ந்து வெடிக்கும். மாரியைத் தவறவிட்டவனுக்கு இந்த மண்ணின் பாதி முகம் தெரியாது.

குளிர்நாட்டுக்காரர் மலையோடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவார்கள். நம் தீவிலும் அந்த மீன் உண்டு. 1880களில் பிரித்தானியர் அதைக் கொண்டுவந்து நுவரெலியாவின் ஓடைகளில் விட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளிலும் அது வாழ்கிறது. குளிர்ந்து ஓடும் தெளிந்த நீர் அதற்கு வேண்டும். மார்கழி விடியலிலும் 22 பாகையளவில் நிற்கும் நம் ஊரில் அது பிழைக்காது. நமக்கு வாய்த்தது வேறு நீர்: மழையும் கடலும் கலக்கும் உவர்நீர். அதற்கென்று தனி மீன்கள் உண்டு, தனி ஒழுங்கும் உண்டு. புதிதாக வெளிக்கிடும் பிள்ளைகளுக்கும், மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்து நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த ஒழுங்கைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் காற்றைப் படியுங்கள்.

நம் கடற்றொழிலாளர் ஆண்டைக் காற்றால் பிரிப்பவர்கள். வைகாசி முதல் தென்மேற்கிலிருந்து சோளகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. வாடை விழுந்ததும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மயிலிட்டி என்று வடகரை முழுவதும் கொந்தளிக்கும். அந்த நாட்களில் வடகரையின் பாறைகளில் ஏறி நின்று தூண்டில் போடாதீர்கள். பாறை பாசி பிடித்து வழுக்கும். ஓர் அலை தவணை தப்பி உயர்ந்து வரும். அதே நாளில் குடாநாட்டின் உட்புறக் கடல்நீரேரி ஓரளவு அமைதியாகக் கிடக்கும். எந்தக் காற்றுக்கு எந்தக் கரை மறைவு என்று தெரிந்துகொள்வதுதான் முதற்பாடம்.

மின்னலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐப்பசிப் பின்னேரங்களில் இடியோடு வரும் மழையில், வெட்டவெளித் தரவையிலும் பரவைக்கடலிலும் ஆளைவிட உயரமான பொருள் வேறெதுவும் இருக்காது. முதல் முழக்கம் கேட்டதும் தடியைச் சுருட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போங்கள். தனிப்பனையின் கீழ் ஒதுங்கவே வேண்டாம்.

2. புயல் அறிவித்தலுக்குத் தலைவணங்குங்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடகரையையும் விட்டுவைக்கவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மூன்றும் கார்த்திகை, மார்கழிக்குள் வந்தவை. வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வானம் வெளித்திருக்கிறதே என்று வாதாட வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு விடவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். தனிப்படகு பேசிக் கடக்க முயலாதீர்கள்.

3. உடுப்பு எளிமையாக இருக்கட்டும். காய்ந்த மாற்றுடுப்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

நம் மாரி உறைய வைக்காது. ஆனால் நனைந்த சேர்ட்டோடு வாடைக்காற்றில் இரண்டு மணித்தியாலம் நின்றால் பல் கிட்டும். முழுக்கைச் சேர்ட், தொப்பி, இலேசான மழைக்கோட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய மாற்றுடுப்பு போதும். பரவைக்கடலில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். ஊரியும் சிப்பியும் கண்ணாடித் துண்டும் பாதத்தைக் கிழிக்கும். கயிறு கட்டிய பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது. செருப்பைச் சேறு இழுத்துவிடும். ரோச் லைற், விசில், சுத்தமான குடிதண்ணீர், பாணும் சம்பலும், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. இவ்வளவும் ஒரு தோள்பைக்குள் அடங்கும்.

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் கால் வைக்காதீர்கள்.

இந்தப் பதினான்கில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பெரும்பகுதி ஆள்மட்டத்துக்கும் குறைவு. அந்த ஆழமின்மைதான் ஆட்களை ஏமாற்றுகிறது. முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டே போய், படகு போகத் தோண்டிய வாய்க்காலுக்குள் திடீரென்று இறங்கிவிடலாம். சேறு இடுப்புவரை விழுங்கும் இடங்களும் உண்டு. ஊன்றுகோல் ஒன்றை முன்னே குத்திக் குத்தி நடவுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வறிந்து விலகிப் போகும். மிதித்தால்தான் வாலை வீசும்.

வற்றும் பெருக்கும் நம் பக்கம் சிறியவை. ஆனால் அமாவாசைக்கும் பறுவத்துக்கும் அண்டிய நாட்களில் பாலங்களின் கீழும் மதகுகளிலும் இழுவை கடுமையாக இருக்கும். பெருமழை பெய்து ஓரிரு நாளுக்குள் என்றால் இன்னும் கடுமை.

குளங்களும் அப்படித்தான். கோடையில் மாடு மேய்ந்த குளத்தை அதே குளம் என்று நினைத்து மாரியில் இறங்கக் கூடாது. மண் எடுத்த கிடங்கு உள்ளே எங்கே இருக்கிறதென்று மேலே நின்று பார்க்கத் தெரியாது. சுண்ணக்கல் பூமியில் கரை உட்குடைந்திருக்கும். கட்டில்லாத தோட்டக் கிணறுகள் வெள்ளத்தோடு மட்டமாகக் கிடக்கும் நாட்களில், பழக்கமில்லாத தோட்டவெளியைக் குறுக்கறுத்து நடக்கவே வேண்டாம். நீந்தத் தெரிந்தவர் ஒருவர் கரையில் இல்லாமல் எந்தக் குளத்திலும் இறங்கக் கூடாது.

5. முதல் தூண்டிலைப் பாலத்தடியில் போடுங்கள்.

விலை கூடிய தடியும் சுருளும் தொடக்கத்துக்குத் தேவையில்லை. நல்ல தங்கூசி, சிறிய தூண்டில் முள் நாலைந்து, ஈயம், ஒரு மூங்கில் தடி அல்லது கையில் சுற்றிப் பிடிக்க ஒரு கட்டை போதும். இரைக்குப் பச்சை இறாலைவிட நல்லது கிடையாது. தோலுரித்துச் சிறு துண்டாக வெட்டி, முள் முனை மறையக் கோத்துவிடுங்கள். பெரிய துண்டு போட்டால் சின்ன மீன்கள் கொத்திக் கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடும்.

மீன் இரை வரும் வழியில் நிற்கும். அகன்ற நீர் ஒடுங்கிப் பாயும் இடங்களெல்லாம் அப்படிப்பட்ட வழிகள்தான். யாழ்ப்பாணத்தைத் தீவகத்தோடு சேர்க்கும் பண்ணைத் தெருவின் மதகுகள், கோப்பாய்க்கும் கைதடிக்கும் இடையிலான பாலம், வல்லைவெளிப் பாலம், அராலிக் கரை ஆகியவை பழகுவதற்கு ஏற்றவை. வாகனம் ஓடும் பக்கத்தில் நில்லாமல் கீழே கரையில் நில்லுங்கள். நீரோட்டத்துக்கு மேலே எறிந்து, இரையை ஓட்டத்தோடு இழுபட விட்டு, தங்கூசியை விரலில் தொட்டுக்கொண்டு இருங்கள். வற்று திரும்பிப் பெருக்குத் தொடங்கும் வேளையும், காலமை வெளிக்கும் நேரமும், பின்னேரம் மைம்மலும் நல்லவை. கீளி, ஓரா, திரளி, வாய்த்தால் கொடுவா என்று வரும். ஒன்றும் வராத நாளும் வரும். அந்த நாளில் தண்ணீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் பார்த்துவைத்தவருக்கு அடுத்த நாள் பலன் கிடைக்கும்.

6. மீனைப் பிடிக்கத் தெரிந்தால் போதாது; தொடவும் தெரிய வேண்டும்.

ஓராவின் செட்டை முள் குத்தினால் கை விண் விண் என்று தெறிக்கும். கெளிற்றின் முள்ளும் அப்படித்தான். திருக்கை வால்முள் ஆழமாகக் கிழிக்கும். பெயர் தெரியாத மீனை ஈரச்சாக்கால் அமத்தி, தூண்டிலை ஒரு குறட்டால் கழற்றுங்கள். முள் ஏறிவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீருக்குள் அரை மணி நேரமாவது வைத்திருங்கள், நோவு இறங்கும். முள் முறிந்து உள்ளே நின்றாலும், திருக்கை குத்தினாலும் நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

வயிறு ஊதிப் பந்தாகும் பேத்தையைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு நெருப்பில் அழியாது. பிள்ளைகள் அதை விளையாட எடுத்தாலும் வாங்கித் திருப்பிக் கடலில் விடுங்கள்.

7. வீச்சுவலையை ஒரு தொழிலாளியிடம் படியுங்கள். அவருடைய இடத்தை மதியுங்கள்.

வீச்சுவலையைப் புத்தகம் பார்த்துப் படிக்க முடியாது. பாசையூரிலோ நாவாந்துறையிலோ அரியாலையிலோ கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய், “அண்ணை, எனக்கும் வீசக் காட்டித் தருவியளோ?” என்று கேளுங்கள். மறுப்பவர் குறைவு. முதலில் புல்தரையில் வீசிப் பழகுங்கள். வலை வட்டமாக விரிந்து ஈயம் எல்லாம் ஒன்றாக விழும்வரை தண்ணீருக்குப் போக வேண்டாம்.

பரவைக்கடலில் வரிசையாகத் தடி நட்டு வலை கட்டியிருப்பதைக் காண்பீர்கள். களங்கட்டியும் சிறகுவலையும் அப்படிப்பட்டவை. கரையோரம் திரியும் மீன் அந்த வலைச்சுவரில் முட்டி, அதன் வழியே ஆழத்தைத் தேடிப் போய், கடைசியில் உள்ள அறைக்குள் அகப்படும். ஓடவும் துரத்தவும் தேவையில்லாமல், மீனின் பழக்கத்தை அறிந்து கட்டிய வேலை அது. அந்தத் தடிகளில் பிடித்து ஏறுவது, இடையில் வலை வீசுவது, வள்ளத்தைக் கொண்டுபோய்க் கட்டுவது எதுவும் கூடாது. அது ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோறு. ஒவ்வொரு கரையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பொழுதுபோக்குக்குப் போகிறவர் தொழிலுக்குப் போகிறவருக்கு எப்போதும் வழிவிட வேண்டும்.

8. இறாலின் பயணத்தை அறிந்துகொள்ளுங்கள்.

இறால் முட்டையிடுவது திறந்த கடலில். குஞ்சுகள் உள்ளே வந்து பரவைக்கடலின் சாதாளைக்குள்ளும் கண்டல் வேர்களுக்குள்ளும் ஒளிந்து வளரும். மாரி மழை இறங்கி நீர் பெருகியதும் வளர்ந்த இறால் கடலை நோக்கித் திரும்பும். அந்தத் திரும்புதலைத்தான் நம் ஆட்கள் காத்திருந்து பிடிக்கிறார்கள். தொண்டைமானாற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வடமராட்சி நீரேரி கடலைச் சேரும் அந்த வாயிலில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். உவர்நீரை மெல்ல மெல்ல நன்னீராக்கும் எண்ணத்தில் எழுந்தது அது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று முன்வைத்த திட்டத்தோடு சேர்ந்த அணை. திட்டம் முழுமையடையவில்லை, அணை நிற்கிறது.

மாரியில் கதவு திறக்கும் நாட்களில் அங்கே ஊரே கூடும். போய்ப் பாருங்கள், ஆனால் கரையிலிருந்து. கதவுக்கு நேரே கீழே இறங்குவதும், அணைக்கட்டில் ஏறி எட்டிப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவது. அராலியில் வழுக்கையாறு கடலைச் சேரும் தடுப்பணைக்கும் இதே சொல்தான்.

9. ஒரு கறிக்குக் காணும் அளவு எடுத்து, மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

சினை நண்டைத் தூக்கிப் பார்த்ததும் தெரியும். வயிற்றின் கீழ் முட்டை திரண்டிருக்கும். அதைத் திருப்பி விடுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மீனையும் விடுங்கள். கண்டல் கிளையை விறகுக்கு முறிக்காதீர்கள். அதன் வேருக்குள்தான் அடுத்த மாரிக்கான மீன் இருக்கிறது. வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடைசெய்கிறது. 2017இல் இழுவைமடியும் சட்டத்தால் தடையானது. கடலின் அடியை வறுகிக்கொண்டு போகும் மடிகளுக்கு எதிராக நம் தொழிலாளர் எத்தனை ஆண்டு கத்தினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லும் நீங்கள், உங்கள் கைப்பறியிலும் அதே நியாயத்தைக் காட்ட வேண்டும்.

10. நன்னீரில் இறங்கினால் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள்.

நமக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் உயிர்க்கும் வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வயல்களைத் தொட்டுக்கொண்டு அராலியில் முடிகிறது. அதன் கரையில் நடப்பதும், குளக்கரையில் இருந்து மண்புழு கோத்து விராலுக்கும், 1952இல் இத்தீவுக்கு வந்த திலாப்பியாவுக்கும் தூண்டில் போடுவதும் சிறு பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம்.

ஆனால் வெள்ளநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். 2024 டிசம்பரில் பெருமழைக்குப் பின் யாழ் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் வெள்ளத்தில் இறங்காதீர்கள். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு, மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திராமல் ஆசுபத்திரிக்குப் போய், “வெள்ளத்துக்குள்ள நிண்டனான்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வைத்தியருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

11. பாம்புக்கு அஞ்ச வேண்டாம். அதன் இடத்தை அறிந்து நடவுங்கள்.

வெள்ளம் ஏறினால் பாம்பும் மேட்டைத் தேடும். வயல் வரம்பு, கல்லடுக்கு, கிடுகுக் குவியல், வேலியடி எல்லாம் அதற்கும் ஒதுங்கிடம். வரம்பில் புடையனும், வறண்ட மணலில் சுருட்டையும், இரவில் வீட்டுக்குள்ளேயே எட்டடி விரியனும் எதிர்ப்படலாம். ரோச் இல்லாமல் இரவில் நடக்காதீர்கள். பார்க்க முடியாத இடத்துக்குள் கையை விடாதீர்கள். வெளியிடத்தில் தங்கினால் வெறுந்தரையில் படுக்காதீர்கள். எட்டடி விரியன் நித்திரையில் கிடப்பவரைத்தான் கூடுதலாகக் கடிக்கும். கடித்த நோவும் பெரிதாகத் தெரியாது.

கடிபட்டால் கட்டிறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் ஒரு தடியோடு சேர்த்து வைத்து, உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். 1990 என்ற எண்ணில் கூப்பிடும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. அந்த எண்ணைக் கைத்தொலைபேசியில் போட்டுவையுங்கள்.

12. சிவப்புப் பலகையைக் கண்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

பல நாடுகளில் பெரியவர்கள் இளையவருக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. முகமாலை, கிளாலி, நாகர்கோவில், ஆனையிறவுப் பக்கம் நெடுங்காலம் போர்முனையாகக் கிடந்த மண். 2002 முதல் ஹலோ டிரஸ்ட் உள்ளிட்ட அமைப்புகள் அங்கே மிதிவெடி அகற்றிவருகின்றன. அந்த வேலையில் நம் ஊர்ப் பெண்களே முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுவதை நீங்கள் காணலாம். 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் நிறம்பூசிய குத்துக்கட்டைகளும் வேலிக்குச் சமம். பறவை பார்க்கவோ குறுக்குவழி தேடியோ தாண்டாதீர்கள். மாரி மழை மணலை அரித்துப் புதைந்ததை மேலே கொண்டுவரும். வெள்ளம் அதை இடம்மாற்றவும் கூடும். ஆகையால் பலகை இல்லாத இடத்திலும் துருப்பிடித்த இரும்பையோ பிளாஸ்ரிக் டப்பியையோ எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், கல்லெறியாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, வந்த காலடியிலேயே திரும்பி வந்து, இடத்தை அடையாளம் வைத்து, பொலிசாருக்கோ மிதிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். பழகிய பாதையை விட்டு விலகாதிருப்பது இந்தப் பக்கத்தில் உயிர்காக்கும் பழக்கம்.

13. பறவையையும் வயலையும் விரதத்தையும் மதித்து நடவுங்கள்.

மண்டைதீவுத் தெரு, சரசாலைக் குருவிக்காடு, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் ஆகிய இடங்களில் மாரிக்குப் பூநாரையும் ஊசிவால் வாத்தும் கூழைக்கடாவும் கூடும். சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. பறவைகள் மேய்கிற நேரத்தில் கிட்டப் போய்க் கலைத்தால், ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உடலில் மிச்சமிருக்கும் வலுவையும் செலவழிக்க வைக்கிறீர்கள். படத்துக்காக ட்ரோன் பறக்கவிட வேண்டாம். தூரத்தில் குந்தியிருந்து தொலைநோக்கியால் பாருங்கள். தூரம் போக முடியாதவர்கள் மைம்மல் நேரத்தில் வீட்டு வளவிலேயே காதைக் கொடுங்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து வந்த ஆறுமணிக்குருவி கூப்பிடும்.

நமக்கு மழையை நம்பி ஒரே ஒரு நெற்போகம். மொட்டைக்கறுப்பன் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வரம்பை மிதித்து உடைத்தால் அந்த ஆண்டின் தண்ணீர் போய்விடும். வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். திறந்த படலையை மூடிவிட்டுப் போங்கள். வேலியில் படரும் முசுட்டை இலையை வளவுக்காரரைக் கேட்டுப் பிடுங்குங்கள். மழைக்கால வறைக்கு அதைவிடச் சுவை இல்லை. அதே வேலியில் நெருப்புச் சுடராக விரியும் கார்த்திகைப் பூவைப் பார்ப்பதோடு நில்லுங்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. இடி முழங்கியபின் முளைக்கும் காளானில் பெரியவர்கள் அறிந்ததைத் தவிர வேறொன்றையும் சமைக்காதீர்கள்.

ஊரின் நாட்களும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கந்தசட்டி, பிள்ளையார் கதையின் இருபத்தொரு நாள், திருவெம்பாவையின் பத்து நாள் என்று மாரி முழுவதும் விரதம் வரும். மீன்பறியோடு கோயில் வாசலைக் கடக்காமல் வேறு ஒழுங்கையால் போங்கள். உங்கள் வீட்டில் விரதமென்றால் பிடித்ததைக் கரையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குருநகரிலும் பாசையூரிலும் அதே நாட்களில் நத்தாருக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். அங்கே உங்களுக்கு வலை வீசக் காட்டித் தந்தவர் இருந்தால், நத்தார் அன்று கையில் ஏதாவது கொண்டுபோய் அவர் வீட்டுப் படியேறுங்கள்.

14. கொண்டுவந்ததைப் பகிருங்கள், கற்றதைக் கைமாற்றுங்கள்.

ஒரு நாள் பிடிபட்டது சின்ன மீன் நாலும் நண்டு இரண்டும் ஒரு பிடி இறாலும் என்றால், அதற்கென்றே நம்மிடம் ஒடியற் கூழ் இருக்கிறது. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கைப்பு நீரை வடித்து, மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளியோடு அவித்து, செத்தல் மிளகாயும் புளியும் கரைத்துவிட்டால், தனியே ஒருவருக்குப் போதாத மீன் பத்துப் பேருக்குக் காணும். அயலட்டையைக் கூப்பிட்டு, பிளாவில் வார்த்துக் கொடுங்கள்.

கைமாற்றுவதைப் பற்றிச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் கடலுக்குத் தடை, கரைக்குத் தடை, இரவுக்குத் தடை. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் தங்கள் துறைமுகத்தைத் திரும்பக் காண 2017வரை பொறுக்க வேண்டியிருந்தது. இருபத்தேழு ஆண்டு என்றால், தகப்பன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு காற்றின் பெயரும் நீரோட்டத்தின் பெயரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒரு முழுத் தலைமுறை. முகாம்களிலும் வெளிநாட்டு மாடிகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. அது அவர்களின் குற்றமில்லை. தெரிந்தவர்கள் இன்னும் கரையில் இருக்கிறார்கள், வயது போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். காற்று திரும்பிய நாள், குளம் வான்பாய்ந்த நாள், முதல் பூநாரை வந்த நாள், எந்தப் பாலத்தில் எந்த நேரத்தில் என்ன மீன் என்று எழுதுங்கள். ஒரு பெரியவரிடம் கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இரண்டு மாரி பழகியதும் உங்களைவிட இளைய ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போங்கள். பெண்பிள்ளைக்கு இது வேலையா என்று யாரும் கேட்டால் காது கொடுக்க வேண்டாம். பரவைக்கடலில் கையால் தடவி இறால் பிடித்துக் குடும்பம் காத்த பெண்கள் நம் கரைகளில் நிறைய உண்டு. கூட்டிப்போகும் பிள்ளைக்கு முதல் நாளே தூண்டிலைக் கொடுக்காதீர்கள். முதலில் காற்றையும் தண்ணீரையும் காட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளை தானாகக் கேட்கத் தொடங்கியதும் தூண்டிலைக் கையில் கொடுங்கள். அடுத்த மாரி வரட்டும் என்று பார்த்திராதீர்கள். இந்த மாரிக்கே தொடங்குங்கள்.